மசக்கையில் மனம் கலக்கி கேட்கிறது: முட்டையைப் பயமில்லாமல் சாப்பிடுவது எப்படி?

கேள்வி: உசிலம்பட்டி மருமகள்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இது தலைப்பிரசவம். இப்போது இருபத்திரண்டாவது வாரம் நடக்கிறது. முதல் மூன்று மாதங்கள் வீட்டில் யாராவது முட்டையை உடைத்தாலே அந்த வாடைக்குக் குமட்டிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடியவள் நான். ஐந்தாம் மாதம் பிறந்ததிலிருந்து நிலைமை தலைகீழாகிவிட்டது. காலையில் கண் விழிக்கும்போதே முட்டையின் நினைப்புதான் வருகிறது. அதிலும் அவித்த முட்டையோ ஆம்லெட்டோ அல்ல, பரோட்டாக் கல்லில் ஊற்றி, மிளகுத்தூள் தூவி, மேலே மட்டும் மெல்லிய தோலாக மடிந்து உள்ளே தளதளவென்று இருக்கும் கலக்கிதான் வேண்டும் என்று நாக்கு அடம்பிடிக்கிறது. எங்கள் தெருமுனையில் ஒரு கடை இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு அங்கே கொத்துப் பரோட்டா போடும் சத்தம் கேட்கத் தொடங்கினால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்வதில்லை.

வீட்டில் இது குறித்து ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. முட்டை சூடு என்பதால் வாரத்துக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம் என்கிறார் என் அத்தை. அவர் அக்கறையில்தான் சொல்கிறார் என்பதால் எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. வாடிப்பட்டிப் பக்கம் இருக்கும் என் அப்பத்தாவோ, வளர்க்கும் நாட்டுக்கோழிகளின் முட்டைகளைத் தவிட்டில் புதைத்து வாரந்தோறும் கொடுத்துவிடுகிறார். "கோழி இட்ட சூடு ஆறுமுன் பச்சையாகக் குடித்தால்தான் இடுப்புக்குப் பலம், பிரசவம் எளிதாகும்" என்று தொலைபேசியில் தினமும் நினைவூட்டுகிறார். நான் வயதுக்கு வந்தபோது பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்து என்னைத் தேற்றியவர் அவர்தான் என்பதால் அந்தப் பேச்சைத் தட்டுவது கடினமாக இருக்கிறது. இதற்கிடையில் இலண்டனில் இருக்கும் என் நாத்தனார், தன் பிரசவ காலத்தில் மஞ்சள் கரு ஒழுகும் முட்டையைச் சாப்பிட அங்கே அனுமதித்தார்கள் என்று சொல்லி என்னை மேலும் குழப்பிவிட்டார்.

இரண்டு வாரங்களுக்கு முன் ஆசையை அடக்க முடியாமல் என் கணவரை வாங்கிவரச் சொல்லி ஒரு கலக்கி சாப்பிட்டேன். உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அன்று இரவு முழுவதும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று உறங்காமல் கிடந்தேன். கடைசியாகப் பார்த்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2 என்று வந்திருக்கிறது. கலக்கியை முற்றிலும் மறந்துவிட வேண்டுமா, பச்சை முட்டையில் உண்மையில் பலம் உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை முட்டை சாப்பிடலாம் என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: மேலூர் ஓய்வுபெற்ற செவிலியர்

அம்மா, மேலூர் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக 29 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். முதலில் உங்கள் உறக்கத்தைக் கெடுத்த அந்தக் கலக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முட்டை வழியாக வரக்கூடிய சால்மோனெல்லா என்னும் கிருமி உடலுக்குள் போனால், சாப்பிட்ட ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்றுப்பிடிப்பு என்று தன்னைக் காட்டிவிடும். இரண்டு வாரங்கள் ஒரு தொந்தரவும் இல்லாமல் கடந்துவிட்டதால் அதைப் பற்றி நீங்கள் இனி நினைக்கவே வேண்டியதில்லை.

அடுத்த கலக்கியை ஏன் தவிர்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். அந்தக் கிருமி முட்டை ஓட்டின் மேல் ஒட்டிய எச்சத்தில் இருக்கலாம்; கோழியின் சினைப்பையிலேயே தொற்று இருந்தால், ஓடு உருவாவதற்கு முன்பே முட்டைக்குள்ளும் போயிருக்கலாம். ஆகவே ஓட்டைக் கழுவிவிட்டால் போதும், கெட்ட வாடை இல்லையென்றால் போதும் என்று நினைப்பதில் பொருளில்லை; கிருமி உள்ள முட்டை பார்வைக்கும் மணத்துக்கும் நல்ல முட்டையாகவே இருக்கும். முட்டையின் உட்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்டினால் கிருமி அழிந்துவிடும். அதை அளக்க நமக்குக் கருவி எதுவும் வேண்டாம், வெள்ளையும் மஞ்சளும் இரண்டுமே இறுகிவிட்டால் அந்தச் சூடு ஏறிவிட்டது என்று பொருள். கலக்கியின் உள்ளே இருப்பதும், ஆஃபாயிலின் நடுவில் ததும்புவதும் அந்தச் சூட்டை எட்டாத முட்டைதான்.

இந்தக் கிருமி பெரும்பாலும் வயிற்றிலுள்ள குழந்தையை நேரடியாகத் தொடுவதில்லை. தாய்க்கு வரும் கடுங்காய்ச்சலும், வாந்தியிலும் பேதியிலும் உடம்பு வற்றிப்போவதும்தான் ஆபத்து. அதிலிருந்துதான் குறைப்பிரசவம் போன்ற சிக்கல்கள் தொடங்குகின்றன. கர்ப்ப காலத்தில் உடலின் எதிர்ப்பாற்றல் வழக்கம் போல் வேலை செய்வதில்லை என்பதால், உங்கள் கணவர் அதே தட்டில் சாப்பிட்டு நன்றாக இருந்தாலும் நீங்கள் படுத்துவிடக்கூடும்.

பச்சை முட்டையில் பலம் அதிகம் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் எவ்வளவு ஆழமானது என்பதை வீடு வீடாக நடந்து அறிந்தவள் நான். உங்கள் அப்பத்தாவின் அன்பில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்த அன்பு நினைக்கும் பலன் வெந்த முட்டையில்தான் கிடைக்கிறது. வெந்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேருகிறது என்றால், பச்சை முட்டையில் ஏறக்குறையப் பாதிதான் சேருகிறது. பச்சை வெள்ளைக்கருவில் உள்ள ஒரு பொருள், பயோட்டின் என்னும் வைட்டமினையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வேகவைத்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. இதை அப்பத்தாவிடம் "நீங்கள் கொடுத்ததை நான் வீணாக்காமல் முழுவதும் சேரும்படி சாப்பிடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். மறுப்பாக அவருக்குத் தோன்றாது.

எத்தனை சாப்பிடலாம் என்றால், வேறு நோய் எதுவும் இல்லாத கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு முட்டைகள் தாராளமாக ஏற்கும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, வழக்கமான தேவைக்கு மேல் நடு மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 9.5 கிராமும் கடைசி மூன்று மாதங்களில் 22 கிராமும் புரதம் கூடுதலாக வேண்டும். சோறும் குழம்பும் மட்டும் கொண்டு அதை நிறைப்பது எளிதல்ல. அதோடு, குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான கோலின் என்னும் சத்து முட்டையின் மஞ்சள் கருவில் இருக்கும் அளவுக்கு நம் அன்றாட உணவு வேறு எதிலும் எளிதாகக் கிடைப்பதில்லை. ஒரு பெரிய முட்டையில் ஏறக்குறைய 150 மில்லிகிராம் இருக்கிறது, கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 450 மில்லிகிராம் வேண்டும். மஞ்சளை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடும் பெண்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனம் பதறும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், முட்டை சாப்பிட்டால் தடிப்பும் அரிப்பும் வருபவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் அத்தை சொல்லும் சூட்டை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். எண்ணெய் நிறைய விட்டு, மிளகும் காரமும் தூக்கலாகப் போட்டு, இரவு ஒன்பது மணிக்கு முட்டை சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வரத்தான் செய்யும். அதைத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் சூடு என்ற ஒரே சொல்லில் அடக்கினார்கள். காலையிலோ மதியத்திலோ சாப்பிட்டுப் போதிய தண்ணீர் குடித்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. சூட்டினால் கரு கலையும் என்பது மட்டும் உண்மையல்ல.

ஒன்று கேட்க வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருப்பதால் உங்களுக்கு இலேசான இரத்தசோகை இருக்கிறது. முட்டையைத் தவிர, பச்சரிசி, சாம்பல், சுவர்க் காரை, மண், பல்பம் ஆகியவற்றில் எதையாவது தின்ன வேண்டும் என்று தோன்றுகிறதா? அப்படித் தோன்றினால் கூச்சப்படாமல் செவிலியரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவில் அந்த ஆசை அடிக்கடி வரும், முட்டை ஆசைக்கு அப்படியொரு பொருள் கிடையாது.


பதில்: செல்லூர் தாய்

தங்கைக்கு, எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் இரண்டாவது பிரசவத்தில் ஏழாம் மாதம் சித்திரையில் வந்தது. அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், ஊரெல்லாம் கூட்டமும் வெயிலுமாக இருந்த மாலையில், உறவினர்களோடு ஒரு கடையில் பொரித்த கோழியும் அதற்குத் தொட்டுக்கொள்ள மயோனைசும் ஓர் ஆஃபாயிலும் சாப்பிட்டேன். மறுநாள் இரவு வயிறு முறுக்கத் தொடங்கி, விடிவதற்குள் 102 டிகிரி காய்ச்சலும் நிற்காத பேதியுமாகிவிட்டது. மூன்று நாட்கள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்த மூன்று நாட்களும் வயிற்றில் கை வைத்தபடி பிள்ளையின் அசைவை எண்ணிக்கொண்டே கிடந்தது இன்றும் எனக்கு மறக்கவில்லை. அந்த உணவில் எது காரணம் என்று மருத்துவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் அரைவேக்காட்டு முட்டையையும் பச்சை முட்டையில் அடித்த மயோனைசையும் கர்ப்பத்தில் தொடவே கூடாது என்று அன்றே சொல்லி அனுப்பினார்கள். பிள்ளை நலமாகப் பிறந்து இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

கலக்கியைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் மயோனைசைச் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் அது முட்டை என்றே பலருக்குத் தோன்றுவதில்லை. வெள்ளைக் குழைவாகக் கிண்ணத்தில் வரும் அதில் பச்சை முட்டையும் எண்ணெயும் அடித்துச் சேர்க்கப்பட்டிருக்கும். தமிழ்நாடு அரசே 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தடை விதித்தது. ஷவர்மாவோ தந்தூரிக் கோழியோ வாங்கினால் அந்தக் கிண்ணத்தை வாங்காமல் வந்துவிடுங்கள்.


பதில்: மாட்டுத்தாவணிப் பரோட்டாக் கடை வீட்டுப் பெண்

என் அப்பா முப்பது ஆண்டுகள் பரோட்டாக் கல்லின் முன் நின்றவர். நான் அந்தக் கடையின் பின்கட்டில் வளர்ந்தவள். அதனால் கடைப்பக்கத்து உண்மையையும் சேர்த்துச் சொல்ல முடியும். நல்ல கலக்கி என்பது கல்லில் அரை நிமிடம்கூட இருக்காது. அடித்த முட்டையை ஊற்றி, சுழற்றி, நாலு பக்கமும் மடித்து எடுத்துவிடுவார்கள். அதற்கு மேல் ஒரு கணம் விட்டால் வாடிக்கையாளர் இது கலக்கி இல்லை, ஆம்லெட் என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே "நன்றாக வேகவைத்த கலக்கி கொடுங்கள்" என்று கடையில் கேட்பதால் பயனில்லை, மாஸ்டருக்குக் கை அப்படிப் பழகியிருக்காது. கூட்ட நேரத்தில் பல கடைகளில் பத்து இருபது முட்டைகளை முன்கூட்டியே உடைத்து ஒரே பாத்திரத்தில் அடித்து வைப்பதும் உண்டு. அதில் ஒரு முட்டை கெட்டிருந்தாலும் எல்லாவற்றிலும் கலந்துவிடும், மதுரை வெயிலில் கல்லின் அனலுக்குப் பக்கத்திலேயே அது மணிக்கணக்கில் நிற்கும். கடையில் சாப்பிட்டே ஆக வேண்டுமென்றால், உங்கள் கண் முன்னே உடைத்து இருபுறமும் திருப்பிப் போட்ட ஆம்லெட்டோ, முட்டை ஈரம் தெரியாத அளவுக்குக் கொத்தி எடுத்த கொத்துப் பரோட்டாவோ கேட்டு வாங்குங்கள். கறி தோசையும் திருப்பிப் போட்டு வேகிறதா என்று பார்த்து வாங்கினால் சாப்பிடலாம்.

ஆனால் உங்கள் நாக்கு உண்மையில் எதைக் கேட்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு என் மகன் வயிற்றில் இருந்தபோது இதே ஆசை வந்தது. அடுப்படியில் பலவாறு செய்து பார்த்ததில், நான் தேடியது பச்சை மஞ்சளை அல்ல, மிளகும் சால்னாவும் முட்டையும் குழைந்து வரும் அந்த ஈரத்தைத்தான் என்று புரிந்தது. அந்த ஈரத்தை முட்டையிலிருந்து எடுக்காமல் சால்னாவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நான் செய்த முறை இது. இரண்டு முட்டைகளை உப்பும், பொடியாக நறுக்கிய நான்கு சின்ன வெங்காயமும், ஒரு தேக்கரண்டி கெட்டிச் சால்னாவும் சேர்த்து நுரைக்க அடித்துக்கொள்ள வேண்டும். கனமான வாணலியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, தீயை மிகவும் குறைத்து, முட்டையை ஊற்றிக் கரண்டியால் அடியிலிருந்து மெதுவாகத் திரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய தீயில் செய்தால் வெளியே இறுகி உள்ளே நீராக நிற்கும். சிறுதீயில் திரட்டினால் முழுவதும் வெந்தும் பஞ்சு போல மிருதுவாக வரும். வாணலியைச் சாய்த்துப் பார்த்தால் முட்டை நீர் ஒரு சொட்டும் ஓடக் கூடாது. தட்டில் எடுத்ததும் கொதிக்கக் கொதிக்க இரண்டு கரண்டி சால்னாவை மேலே ஊற்றி, மிளகை அப்போதே இடித்துத் தூவிக் குழைத்துச் சாப்பிடுங்கள். முதல் நாளே என் ஆசை பாதிக்கு மேல் அடங்கியது.

அதையும் விஞ்சியது உடைத்து ஊற்றிய முட்டைக் குழம்புதான். தக்காளி, சின்ன வெங்காயம், தேங்காய், சோம்பு அரைத்து வைத்த குழம்பு தளதளவென்று கொதிக்கும்போது, ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, குழம்பின் ஓரமாக நழுவ விட வேண்டும். கரண்டி போட்டுக் கிளறாமல், மூடி போட்டுச் சிறுதீயில் பத்து நிமிடம் விட்டு, ஒருமுறை பதமாகத் திருப்பி இன்னும் இரண்டு நிமிடம் வையுங்கள். இறக்குவதற்கு முன் ஒரு முட்டையின் நடுவில் கரண்டி நுனியால் குத்தினால் மஞ்சள் மாவாக உதிர வேண்டும், ஒழுகினால் இன்னும் வேகவிட வேண்டும். அவித்து உரித்துப் போடும் முட்டையைவிட இதில் வெள்ளை மிகவும் மென்மையாக இருக்கும், காரமும் புளிப்பும் உள்ளே இறங்கியிருக்கும்.

கரண்டி ஆம்லெட்டில் மட்டும் கவனம் வேண்டும். குழிக்கரண்டியில் உப்பி வருவதால் வெளியே பொன்னிறமாகிவிட்டாலும் நடுப்பகுதி கனமாக நின்று வேகாமல் இருந்துவிடும். ஒரு முட்டைக்கு மேல் ஊற்றாமல், திருப்பிப் போட்டபின் ஒரு குச்சியால் குத்திப் பார்த்து, குச்சி ஈரமில்லாமல் வந்தால் எடுங்கள்.


கேள்வி கேட்டவர்: உசிலம்பட்டி மருமகள்

மூவருக்கும் நன்றியைச் சொற்களில் அடக்க முடியவில்லை. செவிலியர் அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: ஊறவைக்காத பச்சரிசியை அவ்வப்போது ஒரு கைப்பிடி மெல்லும் பழக்கம் எனக்கு வந்திருக்கிறது, அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. வரும் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லும்போது சொல்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. இலண்டனில் மட்டும் ஒழுகும் முட்டையை எப்படி அனுமதிக்கிறார்கள்? அப்பத்தா தவிட்டில் வைத்து அனுப்பும் முட்டைகள், கடை முட்டைகளைவிடப் பாதுகாப்பானவை என்று எண்ணலாமா?


பதில்: அலங்காநல்லூர் கோழி வளர்ப்பவர்

இரண்டு கேள்விகளுக்கும் விடை கோழியிடம்தான் இருக்கிறது, சகோதரி. இங்கிலாந்தில் சிங்க முத்திரை பதித்த முட்டைகள் என்று ஒரு வகை உண்டு. அந்த முட்டைகளை இடும் கோழிகளுக்குச் சால்மோனெல்லாவுக்கு எதிரான தடுப்பூசி போடப்படுகிறது. எந்தப் பண்ணை, எந்த நாள்வரை நல்லது என்ற விவரம் ஒவ்வொரு முட்டையிலும் அச்சிடப்படுகிறது. பல ஆண்டுகள் அப்படிக் கட்டுக்குள் வைத்திருந்த பிறகுதான், 2017 அக்டோபரில் அந்நாட்டு உணவுத் தர நிறுவனம் கர்ப்பிணிகளும் அந்த முத்திரை பெற்ற முட்டைகளை அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. முத்திரை இல்லாத முட்டைக்கு அங்கும் பழைய அறிவுரையேதான். நாமக்கல்லிலிருந்து நம் கடைகளுக்கு வரும் முட்டையிலும், நான் விற்கும் நாட்டு முட்டையிலும் அந்த முத்திரை கிடையாது. உங்கள் நாத்தனார் சொன்னது அந்த ஊருக்குச் சரி, ஆனால் இந்த ஊருக்கு அதைக் கொண்டுவர முடியாது.

நாட்டுக்கோழி முட்டையை விற்றுப் பிழைப்பவன்தான் இதைச் சொல்கிறேன்: கிருமி விஷயத்தில் நாட்டு முட்டைக்கு விலக்கு எதுவும் கிடையாது. எங்கள் கோழிகள் குப்பைமேட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் மேய்கின்றன. நோய் உள்ளே இருக்கும் கோழி வெளியே துள்ளித் திரியும். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் வருவது, சத்தையோ சுத்தத்தையோ அது காட்டாது. அப்பத்தாவின் முட்டைகள் புதியவை என்பதே அவற்றின் பெருமை, அந்தப் பெருமையோடு அவற்றை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

தவிட்டில் புதைத்து அனுப்புவது உடையாமல் காக்கும் நல்ல வழி. வந்து சேர்ந்ததும் தவிட்டையும் எச்சத்தையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, கீறல் விழுந்தவற்றைத் தயங்காமல் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைக் குளிர்பதனப் பெட்டியின் உள்தட்டில் வையுங்கள். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் வெயில் காற்று படும். கழுவி வைக்காதீர்கள், ஓட்டின் மேலிருக்கும் இயற்கையான மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும், பிறகு ஓட்டின் நுண்துளைகள் வழியாக அழுக்கு உள்ளே இறங்கும். தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது முட்டையின் வயதைத்தான் சொல்லும். மூழ்கிய முட்டையில் கிருமி இல்லை என்று அதனால் சொல்ல முடியாது. புதரிலோ வைக்கோல் போரிலோ கண்டெடுத்த, என்று இட்டது என்று தெரியாத முட்டைகளை உங்களுக்கு அனுப்ப வேண்டாம் என்று மட்டும் அப்பத்தாவிடம் சொல்லிவிடுங்கள். முட்டையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வேறு பாத்திரத்தைத் தொட வேண்டும்.


கேள்வி கேட்டவர்: உசிலம்பட்டி மருமகள்

நேற்று மதியம் உடைத்து ஊற்றிய குழம்பு வைத்தேன். அத்தையே தேங்காய் அரைத்துக் கொடுத்தார். மதிய வேளையில் சாப்பிடுவதால் அவரும் மறுக்கவில்லை. இரண்டு முட்டைகள் சாப்பிட்டேன், மாலையில் கடைச் சத்தம் கேட்டபோது முன்பு போல மனம் அலையவில்லை. அப்பத்தாவிடம் செவிலியர் அம்மா சொன்னபடியே சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் அவித்தாவது இரண்டாகத் தின்னு" என்றார். இன்று காலை அவித்தபோது மஞ்சளைச் சுற்றிப் பச்சையும் சாம்பலுமாக ஒரு வளையம் தெரிந்தது. அது கெட்ட முட்டையா என்று பயந்து எடுத்து வைத்திருக்கிறேன்.


பதில்: மேலூர் ஓய்வுபெற்ற செவிலியர்

அது கெட்ட முட்டை அல்ல அம்மா. அதிக நேரம் அவித்தால் மஞ்சளில் உள்ள இரும்பும் வெள்ளையில் உள்ள கந்தகமும் சேர்ந்து அந்த வளையத்தை உண்டாக்கும், அதனால் தீங்கில்லை. தண்ணீர் கொதித்தபின் பத்து அல்லது பன்னிரண்டு நிமிடங்கள் போதும், பிறகு உடனே குளிர்ந்த நீரில் போட்டால் வளையம் வராது. ஆனால் காலையில் அவித்து எடுத்து வைத்த அந்த முட்டை இப்போது மாலைவரை வெளியில் இருந்திருந்தால் வேண்டாம். நம் ஊர் வெயிலில் அவித்த முட்டையை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பேருந்து நிலையத்திலும் ரயிலிலும் கூடையில் வரும் அவித்த முட்டையை நான் கர்ப்பிணிகளுக்கு மறுப்பதும் இதனால்தான்.

பச்சரிசி மெல்வதைச் சொன்னதற்கு மகிழ்ச்சி, புதன்கிழமைவரை காத்திருக்காமல் நாளையே செவிலியரிடம் சொன்னாலும் நல்லது. அவர்கள் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை முட்டையோடு சேர்த்து விழுங்காதீர்கள். மஞ்சள் கருவில் இரும்பு இருந்தாலும் அதை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்வதில்லை, கூடச் சாப்பிடும் மற்ற இரும்பையும் முட்டை சற்றுத் தடுக்கும். முட்டை மதியம் என்றால் மாத்திரையை இரவு உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொள்ளுங்கள். தேநீர், காபி, சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவை அந்த நேரத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது. 24 வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் கழித்து 140-க்கு மேல் வந்தாலும் முட்டையை நிறுத்த வேண்டாம், கூடுதலாகச் சாப்பிடும் இட்லியில் இரண்டைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் ஒரு முட்டையை வைக்கலாம்.

எப்போதாவது காய்ச்சலோடு பேதி வந்தால், கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கி விழுங்காமல், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்துக் குடித்துக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலோ நேரம் பார்க்காமல் 108-ஐ அழைத்துவிடுங்கள். ஐயம் கேட்பதற்கு மட்டும் என்றால் 104 என்னும் மருத்துவ ஆலோசனை எண் இரவிலும் இருக்கிறது.